கொழும்பு வெக்கையில் பியர்டட் ட்ராகனுக்கு பல்ப் எதற்கு?

"மனிசனே ஃபேனுக்குக் கீழே அவிந்துகொண்டிருக்கிறான், இதற்கு ஹீட் பல்பா?" வெள்ளவத்தைப் பக்கத்து பிளாட் ஒன்றில் பியர்டட் ட்ராகன் என்ற தாடி ஓணானை வளர்த்தால், வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. பகலில் 30, 31 பாகை செல்சியஸ், இரவிலும் பெரும்பாலும் 24, 25. ஆனாலும் பல்ப் வேண்டும்.

இந்தத் தாடி ஓணானின் சொந்த ஊர் அவுஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. காலையில் மரக்கட்டையிலோ வேலிக் கம்பத்திலோ ஏறி, உடம்பைத் தட்டையாக்கி வெயில் காயும். அப்போது தோல் கறுக்கும். கறுத்த தோல் வெயிலைக் கூடுதலாக உறிஞ்சும். உடம்பு 35, 36 பாகைக்கு வந்ததும் நிறம் வெளுக்கும். இன்னும் சூடேறினால் வாயைப் பிளந்துகொண்டு இருக்கும், பிறகு நிழலுக்குப் போய்விடும். 1963இல் ஜோர்ஜ் பார்த்தலோமியூவும் வான்ஸ் டக்கரும் இதன் நெருங்கிய உறவான இன்னொரு தாடி ஓணானை ஆராய்ந்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். உடம்பு சூடேறும்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது. அதே உடல் வெப்பநிலையில், ஆறிக்கொண்டு வரும்போது துடிப்பு குறைவு. அதனால் இந்தப் பிராணி சீக்கிரம் சூடேறி, மெதுவாக ஆறுகிறது.

30 பாகை அறையில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் உடம்பு 35க்குப் போகாது. தின்ற பூச்சி ஒழுங்காகச் செரிப்பதோ அந்த 35 பாகைச் சூட்டில்தான். குளிர் நாட்டில் பல்ப் இல்லாவிட்டால் ட்ராகன் கட்டை மாதிரிக் கிடக்கும், வளர்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். கொழும்பில் அது அரைகுறையாக நடமாடும், சாப்பிடும், பார்க்க நன்றாகவே இருக்கும். குறை மாதக்கணக்கில் வெளியே தெரியாது. இங்குள்ள வெக்கையின் ஆபத்தே அதுதான்.

அதை வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் ஒரு முனையில் வெயில் காயும் கல் அல்லது கட்டையின் மேற்பரப்பு 40 பாகை அளவில் இருக்க வேண்டும். மறுமுனை 25 முதல் 28 வரை. குளிர்நாட்டு வளர்ப்பாளர்களுக்குச் சூடான முனைதான் தலையிடி. நமக்கோ குளிர்ந்த முனை. ஏப்ரலில் அறையே 31இல் நிற்கும்போது 100 வாட் பல்பைப் போட்டால் தொட்டி முழுக்கக் கொதிக்கும், ஒதுங்க இடமே இருக்காது. வாயைப் பிளந்து ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டைத் தணிக்கிறது. கொழும்பின் ஈரக்காற்றில் அதுவும் சரியாக வேலை செய்யாது. ஆகவே நான்கு அடி நீளத்துக்குக் குறையாத தொட்டி, மேலே கம்பிவலை, 50 வாட் அளவில் ஒரு ஹலோஜன் பல்ப், முடிந்தால் அதைக் கூட்டிக் குறைக்க ஒரு டிமர். கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானியை நம்பாதீர்கள்; அது அந்த மூலைக் காற்றின் கதையை மட்டும் சொல்லும். ஏசி திருத்துபவர்கள் வைத்திருக்கும் துப்பாக்கி மாதிரி அகச்சிவப்பு வெப்பமானியைக் கல்லுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நீட்டினார்களே, அது இதற்கு உதவாது.

ஏன் ஹலோஜன்? எல்ஈடி வெளிச்சம் தரும், அகச்சிவப்பு வெப்பம் தராது. ஹலோஜன் மின்சாரத்தின் பெரும்பங்கை வெப்பக் கதிராகக் கொட்டுகிறது. வீட்டில் அது வீண்செலவு, இங்கே நமக்கு வேண்டியதே அதுதான்.

அப்புறம் புற ஊதா பி. 290 முதல் 315 நனோமீற்றர் வரையிலான இந்தக் கதிர் தோலில் உள்ள கொலஸ்ட்ரோல் வகைப் பொருள் ஒன்றை விற்றமின் டி3இன் முன்வடிவமாக மாற்றுகிறது. அந்த முன்வடிவம் டி3 ஆவதற்கு உடல் சூடு வேண்டும். பாலைவனத்தில் கதிரையும் சூட்டையும் ஒரே சூரியன் ஒரே இடத்தில் தருகிறது. நாம் ஹலோஜனை ஒரு மூலையிலும் புற ஊதாக் கதிர் தரும் யூவி டியூப்பை மறு மூலையிலும் மாட்டிவிட்டால், வேலை பாதியில் நிற்கும். இரண்டும் ஒரே கல்லின்மேல் விழ வேண்டும். டி3 இல்லாவிட்டால் குடலில் கல்சியம் ஏறாது. உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கும். தாடை ரப்பர் மாதிரி இளகும், கால் வளையும், விரல்கள் துடிக்கும். அந்தக் கட்டத்தில் மிருக வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

"யன்னலோரம் வைத்தால் வெயில் படுமே?" படும், ஆனால் சாதாரணக் கண்ணாடி புற ஊதா பியைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுத்துவிடும். உள்ளே வருவது சூடு மட்டும். வெயிலில் பூட்டி நிறுத்திய கார் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கண்ணாடித் தொட்டியும் அப்படித்தான், ட்ராகன் வெந்து செத்துப்போகும். பல்கனியில் கம்பிவலைக் கூட்டில், பாதி நிழலோடு, காலை 8, 9 மணிக்குக் கொஞ்ச நேரம் விடலாம். நண்பகல் வேண்டாம். ஏப்ரல் முதல் வாரத்தில் கொழும்புக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கும். நண்பகல் புற ஊதாச் சுட்டெண் 11ஐத் தாண்டும் ஊர் இது, இந்த ஓணானோ காலை வெயிலை நம்பி வாழ்வது. கூட்டுக்கு மேல்வலை கட்டாயம். காகங்கள் உங்களைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

யூவி டியூப் எரிகிறது என்பதால் வேலை செய்கிறது என்று எண்ணாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கதிர் முதலில் குறையும், வெளிச்சம் அப்படியே இருக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். மாட்டிய திகதியை டியூப்பின் மூடியில் மார்க்கரால் எழுதி வையுங்கள்.

இரவில் எதுவும் வேண்டாம். கொழும்பின் இரவுச் சூடே போதும், இரவுச் சூட்டுக்கென்று போடும் சிவப்பு பல்பும் தேவையில்லை. 2016இல் ஜேர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் இதே இனத்தின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தபோது, ஏறத்தாழ 80 விநாடிக்கு ஒருமுறை மாறிமாறி வரும் இரு உறக்க நிலைகள் தெரிந்தன, நம் உறக்கத்தைப் போலவே. இருட்டைக் கெடுக்காதீர்கள்.

செலவு? 50 வாட் பல்பு நாளுக்கு 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 18 யூனிட், டியூப் வேறு. யூனிட் கூடக்கூடப் படிப்படியாக ஏறும் நம் மின்கட்டணத்தில் அது அடுத்த படிக்குத் தள்ளலாம். கரண்ட் போனால் பதற வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு அறிவித்தார்களே, அப்படி ஒரு நாளை இந்த ஊர்ச் சூட்டில் ட்ராகன் தாங்கிக்கொள்ளும். அன்றைக்குச் சாப்பாடு மட்டும் போடாதீர்கள்.