டெர்மினல்: எல்லைக்கல்லாக இருந்த சொல்

விமான நிலையத்தில் டெர்மினல் என்ற சொல் யாரையும் பயமுறுத்துவதில்லை. பக்கத்திலேயே 'முனையம்' என்று தமிழும் எழுதியிருக்கும். அதே சொல் நோய்க்கு முன்னால் வந்து நின்றால் கேட்பவருக்குக் கை கால் ஓடாது. அந்த இடத்தில் முனையம் உதவாது; 'முனைய நோய்' என்று எவரும் சொல்லப்போவதில்லை.

லத்தீனில் 'டெர்மினஸ்' என்பது நிலத்தின் எல்லைக்கல். ரோமானியர்கள் அதைத் தெய்வமாக்கி, பிப்ரவரி 23 அன்று விழாவும் எடுத்தார்கள். அடுத்தடுத்த நிலத்துக்காரர்கள் இருவரும் அவரவர் பக்கத்திலிருந்து கல்லுக்கு மாலை சூட்டுவார்களாம். 19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை முடியும் நிலையத்துக்கு அந்தப் பெயர் வந்தது. உயிரைக் கொண்டுபோகும் நோய்க்கு அது ஒட்டிக்கொண்டது அந்த நூற்றாண்டின் கடைசியில்தான். கலைச்சொல்லைக் குறிக்கும் 'டெர்ம்' கூட இதே கல்லின் வாரிசு: பொருளுக்கு எல்லை கட்டுவது. நாமும் எல்லையைக் குறிக்கும் 'வரை'யை வைத்துத்தானே வரையறை என்கிறோம்!

சரி, நோயில் அந்தக் கல்லை எங்கே நடுவது? மருத்துவர்களைவிடச் சட்டம் எழுதுபவர்களுக்குத்தான் இது பெரிய தலைவலி. பிரிட்டனில் பராமரிப்பு உதவித்தொகை பெற ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை உயிரோடு இருக்க மாட்டாதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்காக 1990இல் சிறப்பு விதி வந்தது. நோய் முற்றிக்கொண்டே போவதாக இருக்க வேண்டும். அதனால் ஆறு மாதத்துக்குள் மரணம் நேரும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடிய வேண்டும். அப்படிப்பட்டவர்தான் அன்று சட்டத்தின் கண்ணில் டெர்மினல். அவருக்குக் காத்திருப்பு கிடையாது, விண்ணப்பமும் விரைவாகப் பார்க்கப்படும். 2013இல் நீண்டகால நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான 'பிப்' என்ற உதவித்தொகை வந்தபோதும் இதே ஆறு மாதம் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது.

சிக்கல் எங்கே என்றால், புற்றுநோயின் கடைசிக் கட்டத்தை ஓரளவு கணிக்கலாம். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மெல்ல அழியும் இயக்க நரம்பணு நோயை அப்படிக் கணிப்பது கடினம். குணமாகாது என்பது உறுதி, எத்தனை மாதம் என்பது உறுதியில்லை. ஆறு மாதம் என்று கையெழுத்திட மருத்துவர் தயங்கினால், நோயாளி சாதாரண வரிசையில் போய் நிற்க வேண்டியிருந்தது. மேரி கியூரி தொண்டு அமைப்பும் இயக்க நரம்பணு நோய்ச் சங்கமும் இந்த வரம்பை நீக்கக் கோரின. 2019இல் அரசு மறுஆய்வை அறிவித்தது. ஆறு மாதத்தைப் பன்னிரண்டாக்கும் திட்டம் 2021இல் வெளியானது. 2022 ஏப்ரலில் சில உதவித்தொகைகளுக்கும், 2023 ஏப்ரலில் பிப் உள்ளிட்டவற்றுக்கும் அது நடைமுறைக்கு வந்தது. ஸ்காட்லாந்து மட்டும் தன் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாதக் கணக்கையே எடுத்துவிட்டது. அங்கே மருத்துவத் தீர்ப்பே போதும். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது.

அப்புறம் ஒரு விஷயம். 2022இல் நிறைவேறிய சட்டத்தின் பெயரில் டெர்மினல் இல்லை. 'வாழ்வின் இறுதிக்காலத்துக்கான சிறப்பு விதிகள்' என்றுதான் பெயர் வைத்தார்கள்.

தமிழுக்கு வருவோம். மொழிபெயர்ப்புகளில் அடிக்கடி காண்பது 'தீராத நோய்'. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலச் சொல் முடிவைச் சொல்கிறது. நம் சொல் முடியாததைச் சொல்கிறது. தீர்தல் என்றால் முடிதல் அல்லவா? சர்க்கரை நோயும் தீராத நோய்தான். அதை வைத்துக்கொண்டு நாற்பது வருடம் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. 'இறுதிக்கட்ட நோய்' கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். பன்னிரண்டு மாத விதியிலோ, இன்னும் எழுந்து நடமாடிக்கொண்டிருப்பவரும் அடங்குவார். இந்தச் சொல்லை நம்பி, 'நமக்கு இது கிடையாது' என்று ஒரு குடும்பம் ஒதுங்கிவிடக்கூடும்.

என் தேர்வு 'மீளா நோய்'. மீள்வதற்கில்லை என்கிறது, நாளைக் குறிப்பதில்லை. 'மீளாத் துயில்' என்று மரணத்தைச் சொல்லிப் பழகியிருப்பதால் அதன் கனமும் காதில் விழும். விதியில் வரும் இன்னொரு சொல்லான 'புரோக்ரெசிவ்' என்பதற்கு 'முற்றும் நோய்' நம் பேச்சிலேயே தயாராக இருக்கிறது. நோய் முற்றிவிட்டது என்றுதானே சொல்கிறோம்? முற்று என்பதிலேயே வளர்வதும் முடிவதும் சேர்ந்திருக்கின்றன. ஆங்கிலத்துக்கு 'புரோக்ரெசிவ்', 'டெர்மினல்' என்று இரண்டு சொல் தேவைப்பட்ட இடம் இது.

நோயாளியிடம் எந்தச் சொல்லைச் சொல்வது என்பது வேறு கேள்வி. பிப் விஷயத்தில் பிரிட்டன் விதி ஒரு வழி வைத்திருக்கிறது: அவருக்குத் தெரியாமலே அவர் சார்பில் இன்னொருவர் விண்ணப்பிக்கலாம். மருத்துவரோ செவிலியரோ நிரப்பும் 'எஸ்ஆர்1' படிவத்தில், இன்னும் எத்தனை நாள் என்று துல்லியமாக எழுதச் சொல்வதில்லை. ஓராண்டுக்குள் இவர் இறந்துபோனால் உங்களுக்கு வியப்பாக இருக்குமா என்பதே அவர்கள் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.