பள்ளத்தில் இடமில்லாத பாட்டு

'நாலரை நிமிடப் பாட்டுக்கு இசைத்தட்டில் இடமில்லையாம். நம்பும்படியாகவா இருக்கிறது? பிரிந்துபோன காதலியைப் பழிவாங்கத்தானே தூக்கினார்கள்?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அவர் கேட்பது ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் இசைக்குழுவின் 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' பாட்டைப் பற்றி. கதை தெரிந்ததுதான். 1976இல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் 'ரூமர்ஸ்' தொகுப்பைப் பதிவுசெய்தபோது, பாடகி ஸ்டீவி நிக்ஸும் கிட்டார் வாசித்த லிண்ட்சி பக்கிங்ஹாமும் பிரிந்துவிட்டார்கள். ஆனாலும் தினமும் ஒரே அறையில் வேலை. என் குரல் உன்னை விடாது என்று நிக்ஸ் எழுதிய பாட்டு நீளம், மந்தம் என்று ஒதுக்கப்பட்டது. அவருடைய இன்னொரு சிறிய பாட்டு அந்த இடத்துக்கு வந்தது.

சரி, தட்டைப் பார்ப்போம். ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம். கொசுவர்த்திச் சுருள்போல வெளியிலிருந்து உள்ளே போகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் 20 நிமிடத்துக்கு 667 சுற்று. அத்தனையும் சுமார் எட்டரை சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்க வேண்டும். சுற்றுக்கு 0.13 மில்லிமீட்டர்தான் கிடைக்கும்.

சிக்கல் தாழ்ந்த ஒலிகளால் வருகிறது. டிரம், பேஸ் கிட்டார் போன்றவை பள்ளத்தை இடமும் வலமும் அகலமாக நெளியவைக்கும். அதனால் மூலத்தட்டில் ஊசியால் பள்ளத்தை வெட்டும்போதே அவற்றை அடக்கிவிடுகிறார்கள். 50 ஹெர்ட்ஸ் ஒலி ஏழில் ஒரு பங்காகக் குறையும். வீட்டு ஆம்ப்ளிஃபயர் அதைத் திரும்பப் பெருக்கிக்கொள்ளும். அப்படியும் பலத்த அடி ஒன்று வந்தால் பக்கத்துச் சுற்றின் சுவரை முட்டும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வருகிறது. அடி விழுந்த பிறகு விலகிப் பயனில்லை. விழுவதற்கு முன்பே வெட்டும் ஊசி தள்ளி நிற்க வேண்டும். இன்னும் ஒலிக்காத சத்தம் ஊசிக்கு எப்படித் தெரியும்? பாட்டு இருக்கும் நாடா, ஒன்றல்ல, இரண்டு படிக்கும் தலைகளைக் கடந்து போகிறது. முதல் தலை கேட்பது ஊசியை நகர்த்தும் மோட்டாருக்குப் போகும். நாடா உருளைகளில் வளைந்து, ஏறக்குறைய ஒரு சுற்று நேரம், அதாவது 1.8 நொடி கழித்து, இரண்டாவது தலைக்கு வரும். அது கேட்பதைத்தான் ஊசி வெட்டும். தேர் திரும்பும் முன் வீதியை ஒதுக்க முன்னால் ஓடும் ஆள்தான் அந்த முதல் தலை. சத்தம் அதிகம் என்றால் இடைவெளி விரியும். மென்மை என்றால் சுற்றுகள் நெருங்கி இடம் மிச்சமாகும். பழைய தட்டு ஒன்றை ட்யூப்லைட்டின் கீழ் சாய்த்துப் பாருங்கள். அடர்ந்தும் கலைந்தும் பட்டைகள் தெரியும்.

'ரூமர்ஸ்' தொகுப்பில் பக்கத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம். மாற்றாக வந்த பாட்டைவிட இது ஒரு நிமிடத்துச் சொச்சம்தான் நீளம். அதை நுழைத்திருக்க முடியாதா? முடியும். 25 நிமிடத் தட்டுகளே உண்டு. ஆனால் நுழைத்தால் எல்லாப் பாட்டுக்கும் நெளிய இடம் குறையும், சத்தம் தாழும். வீட்டில் கூட்டி வைத்தால் பாட்டோடு இரைச்சலும் கூடும். தங்க முலாம் பூசிய கேபிள் இதையெல்லாம் சரிசெய்யும் என்று நம்பி ஆயிரக்கணக்கில் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது தாயத்து, அந்தக் காசில் நல்ல ஊசி வாங்கலாம். ஆக, வாசகரே, இடநெருக்கடி பொய்யல்ல. அதற்காக இந்தப் பாட்டைத்தான் பலிகொடுக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. நான் நிக்ஸ் கட்சி.

பாட்டு கடைசியில் 45 சுற்றுச் சிறு தட்டு ஒன்றின் பின்பக்கத்துக்குப் போனது. முன்பக்கத்தில் இருந்தது, நிக்ஸைக் குறித்து பக்கிங்ஹாம் எழுதிய 'கோ யுவர் ஓன் வே'. ஒருவர் சொல்வதைக் கேட்க மற்றவரைக் குப்புறக் கவிழ்க்க வேண்டும்.

1997இல் பழைய ஐவரும் மீண்டும் மேடையேறினார்கள். அந்த நிகழ்ச்சி 'தி டான்ஸ்' என்ற பெயரில் குறுந்தட்டாக வந்தது. குறுந்தட்டில் சுற்றுக்குச் சுற்று இடைவெளி 1.6 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பாடகி முணுமுணுத்தாலும் அலறினாலும் அது மாறாது. பாட்டின் முடிவில் நிக்ஸ் பக்கிங்ஹாமை நோக்கித் திரும்பி, கண்ணெடுக்காமல் பாடினார். மறு ஆண்டு அந்தப் பாட்டு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதே தட்டில் பக்கிங்ஹாமின் பாட்டும் இருக்கிறது. குறுந்தட்டுக்குத்தான் பின்பக்கம் கிடையாதே.