சைக்காலஜிஸ்ட்: உளவியலாளரா, மனநல மருத்துவரா?

'மனசு டாக்டர்' என்ற ஒற்றைப் பேச்சுக்குள் நான்கு தொழில்களை அடைத்து வைத்திருக்கிறோம். பெருநகரத்தில் தவறான கதவைத் தட்டினாலும் பக்கத்திலேயே சரியான கதவு இருக்கும். திருச்சி அளவு ஊரில் மாதங்கள் வீணாகும்.

கிரேக்கத்தில் 'சைக்கே' என்றால் மூச்சு, உயிர். 'லோகோஸ்' என்றால் சொல், ஆய்வு. இரண்டும் சேர்ந்த 'சைக்கோலோகியா' என்ற சொல்லை ருடோல்ஃப் கோக்கல் என்ற ஜெர்மானியர் 1590இல் தம் நூலுக்கே தலைப்பாக்கினார். 1808இல் யோகான் கிறிஸ்டியன் ரைல் அதே 'சைக்கே'யுடன் வைத்தியரைக் குறிக்கும் 'இயாட்ரோஸ்' சேர்த்தார், சைக்கியாட்ரி பிறந்தது. வேறுபாடு முழுக்கப் பின்பாதியில்தான். சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். முடித்தவர், மாத்திரை எழுதுவார்: மனநல மருத்துவர். சைக்காலஜிஸ்ட் எழுத முடியாது: உளவியலாளர்.

பழைய புத்தகங்களில் சைக்காலஜிஸ்ட் 'மனோதத்துவ நிபுணர்'. உளவியல் என்பது 'உள்' என்ற வேரில் முளைத்த சொல். உள்ளுதல் என்றால் நினைத்தல். 'உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்' என்ற குறளில் (596) இருப்பதும் அதுவே. காதில் விழும்போது சிலருக்கு உளவுத்துறை ஞாபகம் வரும், அது போகட்டும். கவுன்சலருக்கு ஆற்றுப்படுத்துநர் என்ற சொல் இருக்கிறது: ஆறு என்றால் வழி, வழிப்படுத்துகிறவர். இலங்கையில் உளவளத்துணையாளர் என்பார்கள்.

அடுத்த குழப்பம் 'லைசென்ஸ்'. உரிமம் என்று மொழிபெயர்க்கலாம், ஆனால் இந்தியாவில் இதற்குச் சரியான சொல் பதிவு. இந்திய மறுவாழ்வு மன்றச் (ஆர்.சி.ஐ.) சட்டம், 1992இன் கீழ் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர், மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மற்ற உளவியலாளர்களை 2021ஆம் ஆண்டுச் சட்டம் வேறோர் ஆணையத்தின் கீழ் வைக்கிறது. 'மருத்துவ' என்ற அடைமொழியால் மருந்து தருவார் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. சொல்லில் அது ஒரு குறைதான், ஆனாலும் வழக்கில் நிலைத்துவிட்டது.

போர்டைப் படிக்கும்போது அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பாருங்கள். 'எம்.பில். (சைக்காலஜி)' ஆராய்ச்சிப் பட்டம். 'எம்.பில். (கிளினிக்கல் சைக்காலஜி)' நோயாளிகளோடு இரண்டு ஆண்டு முழுநேரப் பயிற்சி. பெயருக்கு முன்னால் உள்ள 'டாக்டர்' வெறும் பி.எச்டி.யாகவும் இருக்கலாம்.

போனில் அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே ஆர்.சி.ஐ. எண்ணையும் கேளுங்கள், பதிவு உள்ளவர் தயங்காமல் சொல்வார். மன்றத்தின் இணையதளத்தில் பெயரை வைத்துத் தேடினால் இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, 'த' ஒலிக்கு ஆங்கில எச் உண்டா இல்லையா என்பதிலேயே ஆள் தப்பிவிடுவார். எண்ணைக் கொண்டு தேடுவதே சுலபம். எண் கிடைத்ததும் நின்றுவிடக் கூடாது. சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோருக்கும் அதே பதிவேட்டில் எண் உண்டு. தொழில் பிரிவு என்ன, பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். குழந்தையின் ஐ.க்யூ. சோதனை, கற்றல் குறைபாட்டுச் சான்று என்று போகிறவர்களுக்கு இது மிக முக்கியம். எண் இல்லாத அறிக்கை திரும்பி வந்தால் மறுபடியும் சோதனை, மறுபடியும் கட்டணம்.

தனியாரிடம் ஆள் கிடைக்காவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். திருச்சியில் அது புத்தூர் ஜி.எச். மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் இந்தியாவில் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. ஓ.பி. சீட்டு மனநல மருத்துவர் பெயரில்தான் விழும். பேச்சுவழிச் சிகிச்சையோ சோதனையோ வேண்டுமென்றால் அவரிடமே சொல்லி உளவியலாளருக்குப் பரிந்துரை எழுதி வாங்க வேண்டும். இரவில் அவசரம் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.