நாடியில் வைத்த சிலிக்கோனும் பல வருடம் கழித்து வரும் பல்கூச்சமும்

நாடியை எடுப்பாக்க, மூக்கை உயர்த்த என்று உள்ளே வைக்கப்படும் சிலிக்கோன் பெரும்பாலானோருக்கு எந்தத் தொல்லையும் தருவதில்லை. அரிதாகத் தரும்போதோ, பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் வேறொரு நோய் போலத் தொடங்கலாம். கீழ் முன்பல் கூசுகிறது என்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பல் வைத்தியரிடம் போகிறவருக்கு, எப்போதோ வெளிநாட்டில் செய்துகொண்ட சத்திரசிகிச்சையைச் சொல்லத் தோன்றாது. சிலருக்குச் சொல்ல வெட்கம்.

சிலிக்கோன் துண்டு நாடி எலும்பின் அடி விளிம்பில், கெட்டியான பகுதியில் அமர வேண்டும். அது மேலே ஏறி, பல் வேர்களை மூடியிருக்கும் மெல்லிய எலும்பில் அமர்ந்துவிட்டால் சிக்கல். உதட்டை இறுக்கி மூடும் ஒவ்வொரு தடவையும் நாடித் தசை அதை உள்நோக்கி அழுத்தும். அழுத்தம் ஓயாத இடத்தில் எலும்பு கரையும். ஓரிரு மில்லிமீற்றரோடு நின்றால் கண்காணித்தால் போதும். வேரைத் தொட்டால் பல் கூசும், ஆடும். எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கருமை தெரிந்ததும், பல்லின் நரம்பை அகற்றும் வேர்ச்சிகிச்சையைத் தொடங்குவதுதான் அஞ்ச வேண்டிய தவறு. துண்டு எலும்பைக் கரைத்ததாலும் அந்தக் கருமை தெரியலாம். குளிரூட்டிய பஞ்சு பட்டதும் பல் கூசி உடனே அடங்கினால் அதன் நரம்பு பெரும்பாலும் உயிரோடிருக்கிறது. துளையிடும் முன் சீ.டி. ஸ்கான் பாருங்கள்.

தொற்று வேறு வகை. பல்லில் தேங்கிய சீழ் அருகிலுள்ள சிலிக்கோனில் பற்றினால் கிருமிகள் அதன்மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். மருந்து எளிதில் உள்ளே போகாது. அதனால்தான் மாத்திரை குடிக்கும்வரை வீக்கம் வற்றி, நிறுத்தியதும் திரும்புகிறது. இப்படி இரண்டு தடவை நடந்தால் மூன்றாவது கோர்ஸ் எழுதாமல், சீழைப் பரிசோதனைக்கு அனுப்பி, துண்டை அகற்றுவது பற்றிப் பேச வேண்டும். சிலிக்கோன் வழுக்கி வந்துவிடும். சிலருக்குச் சிலிக்கோனுக்குப் பதிலாகத் துளைகளுள்ள பொலிஎத்திலீன் என்ற பிளாஸ்ரிக் வைத்திருப்பார்கள்; அதற்குள் இழையம் வளர்ந்து பிடித்திருக்கும், எடுப்பது கடினம். சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாது, நோயாளி சொன்னால்தான் உண்டு.

மூக்கில் சிலிக்கோன் வைத்தவருக்கு நுனித் தோல் மெலிந்து, சிவந்து பளபளத்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். தோல் கிழியுமுன் எடுத்தால் வடு குறைவு.

கொழும்பு தேசிய பல் வைத்தியசாலையில் வாய், முகச் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது. போகும்போது, வைத்த பொருள், அளவு, தொகுதி இலக்கம், வருடம் குறித்த அட்டையைக் கொண்டுபோங்கள். அட்டை இல்லையென்றால் சத்திரசிகிச்சை செய்த இடத்துக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். பழைய பதிவுகளை எத்தனை வருடம் வைத்திருப்பார்களோ சொல்ல முடியாது.