ஆன்லைன் டிகிரியில் சேரப் போகிறீர்களா? யுஜிசி பட்டியலில் பார்க்க வேண்டியது இதுதான்

ஆன்லைனில் பி.காம், எம்பிஏ, எம்சிஏ என்று விளம்பரம் கண்ணில் படாத நாளே இப்போது இல்லை. எல்லாவற்றிலும் "யுஜிசி அங்கீகாரம் பெற்றது" (யுஜிசி என்பது பல்கலைக்கழக மானியக் குழு), "நாக் ஏ பிளஸ் பிளஸ்" (நாக் என்பது உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) என்ற இரண்டும் தவறாமல் இருக்கும். பெரும்பாலும் அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு. நீங்கள் சேரப் போகும் படிப்புக்கு, நீங்கள் சேரும் பருவத்தில், ஆன்லைனில் நடத்த அனுமதி இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதை விளம்பரம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

முதலில் ஒரு அடிப்படை. இந்தியாவில் பட்டம் கொடுக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கும், நாடாளுமன்றச் சட்டத்தால் அந்த அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும்தான் உண்டு. 1956-ஆம் ஆண்டின் யுஜிசி சட்டம் 22-வது பிரிவில் இதைச் சொல்கிறது. பெயரில் 'அகாடமி', 'இன்ஸ்டிடியூட்' என்று இருந்துகொண்டு "நாங்களே டிகிரி தருகிறோம்" என்றால், சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும் என்று கேளுங்கள். பதில் நேராக வரவில்லை என்றால் அந்த இடத்தை அத்தோடு விட்டுவிடலாம்.

இப்போது நடைமுறையில் இருக்கும் விதி 2020 செப்டம்பரில் யுஜிசி கொண்டுவந்த திறந்தநிலை, தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளுக்கான ஒழுங்குமுறை. இதைக் கவனித்துக்கொள்வது யுஜிசிக்குள் இருக்கும் தொலைநிலைக் கல்விப் பிரிவு, சுருக்கமாக டெப். நாக் மதிப்பீட்டில் 4-க்கு 3.01 எடுத்திருக்க வேண்டும் அல்லது மத்திய அரசு வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் முதல் 100 பல்கலைக்கழகங்களுக்குள் வந்திருக்க வேண்டும் என்பது போன்ற தகுதி உள்ளவர்கள்தான் இந்தப் படிப்புகளை நடத்த முடியும். ஆகவே நாக் கிரேடு என்பது வாசல் சீட்டு மாதிரி, அதைக் காட்டி உள்ளே வரலாம், அவ்வளவுதான்.

தொலைநிலையும் ஆன்லைனும் ஒன்று என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், விற்பவர்களும் அதைத் திருத்துவதில்லை. தொலைநிலை என்றால் புத்தகம் வரும், படிப்பு மையம் இருக்கும், வார இறுதியில் நேர்வகுப்பு இருக்கலாம். ஆன்லைன் என்றால் பாடம், வகுப்பு எல்லாமே இணையம் வழியாக. இரண்டுக்கும் அனுமதி தனித்தனி. ஒரே பல்கலைக்கழகத்துக்குத் தொலைநிலையில் பி.காம் நடத்த அனுமதி இருந்து, ஆன்லைன் பி.காமுக்கு இல்லாமல் போகலாம்.

சரி, எப்படிப் பார்ப்பது? டெப் பிரிவின் இணையதளத்தில் ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. ஜனவரி–பிப்ரவரி, ஜூலை–ஆகஸ்ட் என்று வருடத்தில் இரண்டு சேர்க்கைப் பருவங்கள். நீங்கள் சேரும் பருவத்தின் பட்டியலைத் திறந்து, பல்கலைக்கழகத்தின் பெயருக்கு நேரே எந்தெந்தப் படிப்பு, எந்த முறையில் என்று வரி வரியாகப் பாருங்கள். படிப்பின் பெயர் அப்படியே ஒத்துப்போக வேண்டும். பட்டியலில் வெறும் எம்.ஏ பொருளாதாரம் என்று இருக்க, உங்களுக்கு விற்கப்படுவது வேறு ஏதோ கவர்ச்சியான பெயருள்ள படிப்பு என்றால், நேராகப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்டுவிடுங்கள். போன வருடப் பட்டியலைக் காட்டி "இதோ இருக்கிறதே" என்று சொன்னால் அது செல்லாது. கடைசித் தேதியையும் யுஜிசியே அறிவிக்கும், அது தாண்டிய பிறகு "உங்களுக்காக ஒரு சீட் வைத்திருக்கிறோம்" என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று தோன்றினால், 2017 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முறையான ஒப்புதல் இல்லாமல் தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்திருந்தன. 2001 முதல் 2005 வரையான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களுக்கு மறுதேர்வு எழுதும் வாய்ப்பாவது கிடைத்தது, அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்தே ஆகிவிட்டது. படித்து முடித்து வேலையிலும் இருந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். தமிழ்நாட்டிலேயே நன்கு பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014–15 வரைதான் அனுமதி இருந்தது என்று 2022 மார்ச்சில் யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டதும் நடந்தது. பெயர் பெரிது என்பதால் மட்டும் நம்பிவிட முடியாது.

சில படிப்புகளை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்தவே கூடாது: பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, கட்டிடக்கலை, சட்டம், விவசாயம், ஓட்டல் மேனேஜ்மென்ட் போன்றவை. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், உயிரித் தொழில்நுட்பம் ஆகியவையும் இதில் சேர்ந்துவிட்டன. வீட்டிலிருந்தே உளவியல் எம்.எஸ்சி படிக்கலாம் என்று காத்திருந்தவர்களுக்கு இது பெரிய அடி, ஆனால் பழைய விளம்பரங்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆன்லைன் பிஎச்டியும் கிடையாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தருகிறோம் என்று கல்விச் செயலிகள் விற்ற ஆன்லைன் பிஎச்டிகள் செல்லாது என்று 2022-லேயே யுஜிசியும், தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏஐசிடிஇயும் அறிவித்துவிட்டன.

இந்தக் கல்விச் செயலி நிறுவனங்கள் பல்கலைக்கழகத்துக்குத் தொழில்நுட்ப உதவி செய்யலாம், ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரை 'பிரான்சைஸ்' மாதிரி உரிமம் எடுத்துப் படிப்பை நடத்தும் ஏற்பாட்டுக்கு விதியில் இடமில்லை. தினமும் நான்கு முறை அழைத்து "இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி" என்பவர் அநேகமாகப் பல்கலைக்கழகத்தின் ஊழியரே அல்ல. கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளம் வழியாகக் கட்டி, அதன் பெயரிலேயே ரசீது வாங்குங்கள்.

இன்னொரு நல்ல வசதியும் வந்திருக்கிறது. 2024 செப்டம்பரிலிருந்து தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேரும் இந்திய மாணவர்கள் டெப் தளத்தில் பதிந்து டெப் ஐடி எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் ஏபிசி ஐடி (மாணவர் பெறும் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்) வேண்டும். இரண்டையும் நீங்களே எடுக்கலாம். டெப் ஐடி இல்லாமலே சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒருவர் சொன்னால், அந்தச் சேர்க்கை எங்கே பதிவாகிறது என்று கேளுங்கள்.

அனுமதியோடு படித்த பட்டத்துக்கு மதிப்பில் குறை இல்லை. 2022 செப்டம்பரில் யுஜிசி, அங்கீகாரம் உள்ள தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கல்லூரியில் ஒரு பட்டமும் ஆன்லைனில் ஒன்றும் ஒரே சமயத்தில் படிக்கவும் 2022 ஏப்ரல் முதல் இடமுண்டு. தமிழ்நாடு அரசு வேலை நோக்கமாக இருந்தால் மட்டும் ஒரு கவனம்: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலையில் வாங்கிய டிகிரியை ஏற்பதில்லை.

சேர்ந்த அன்றைக்கே, அந்தப் பருவத்தின் அனுமதிப் பட்டியலில் உங்கள் படிப்பு இருக்கும் பக்கத்தை இறக்கிச் சேர்க்கை ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். சில வருடம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் கேட்கப்படுவது, நீங்கள் சேர்ந்த வருடத்தில் அனுமதி இருந்ததா என்பதுதான்.