மோடம்: பெயரும் பொருளும்

கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் கருவி மோடம். மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் தொடக்கத் துண்டுகளை ஒட்டி அமைத்த பெயர் அது. அவ்விரு சொற்களின் வேர், அளவு என்று பொருள்படும் மோடஸ் என்னும் இலத்தீன் சொல்.

தொலைபேசிக் கம்பித்தடம் மனிதக் குரலுக்காக அமைந்தது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களே அதில் செல்லும். கணினியின் ஒன்றும் சுழியமும் அவ்வழியே போக வேண்டுமானால் அவை முதலில் ஒலியாக மாற வேண்டும். 1960களின் தொடக்கத்தில் வெளிவந்த பெல் 103 என்னும் மோடத்தில், அழைக்கும் பக்கம் ஒன்றுக்கு 1,270 ஹெர்ட்ஸ் ஒலியையும் சுழியத்துக்கு 1,070 ஹெர்ட்ஸ் ஒலியையும் அனுப்பியது. அதன் வேகம் வினாடிக்கு 300 பிட். 1998இல் வந்த வி.90 என்னும் மோடம் தரம் வேகத்தை வினாடிக்கு 56 கிலோபிட் வரை உயர்த்தியது.

ஓர் அலையின் வீச்சு, அதிர்வெண், கட்டம் ஆகிய பண்புகளில் ஒன்றைச் செய்திக்கேற்ப மாற்றுவதை நம் இயற்பியல் பாடநூல்கள் பண்பேற்றம் என்கின்றன; செய்தியைச் சுமக்கும் அலை ஊர்தி அலை; மறுமுனையில் அதிலிருந்து செய்தியைப் பிரித்தெடுப்பது பண்பிறக்கம். ஆகவே மோடத்தைப் பண்பேற்றி-பண்பிறக்கி எனலாம். இணக்கி என்ற சொல்லும் உண்டு. அது சிறியது, நாவுக்கு எளியது. ஆனால் கணினியையும் கம்பியையும் இணங்கச் செய்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது, எப்படி என்பதைச் சொல்வதில்லை. பொது எழுத்தில் மோடம் என்றே எழுதிவிட்டு, விளக்கம் வேண்டிய இடத்தில் பண்பேற்றி-பண்பிறக்கி என்பதே என் பரிந்துரை.

பழைய மடிக்கணினியில் உள்ள மோடம் பழுதாகும்போது இந்தச் சொற்கள் கைகொடுக்கின்றன. அத்தகைய மோடங்களுள் பெரும்பாலானவை வின்மோடம் எனப்படும் மென்பொருள் மோடங்கள்: உள்ளிருக்கும் சிறு அட்டை கம்பியோடு ஒலியைப் பரிமாறுவதோடு சரி, பண்பேற்றும் கணக்கை டிரைவர் என்னும் இயக்கு மென்பொருள் வழியாகக் கணினியின் செயலியே செய்கிறது. அதனால்தான் இயங்குதளத்தை மாற்றியதும், குறிப்பாக லினக்ஸுக்கு மாறியதும், தொலைபேசித் துளை அப்படியே இருக்க மோடம் மட்டும் காணாமற்போகிறது. அட்டையைக் குறை கூறுமுன் அதன் சில்லுக்குரிய டிரைவரைத் தேட வேண்டும்.

மோடம் தென்பட்டும் இணைப்புக் கிடைக்காவிட்டால் பிழைச்செய்தியைக் கூர்ந்து படிக்க வேண்டும். "நோ டயல்டோன்" (டயல் ஒலி இல்லை) என்றோ விண்டோஸில் பிழை 680 என்றோ வந்தால், பண்பேற்றம் இன்னும் தொடங்கவே இல்லை. அதே வடத்தில் ஒரு தொலைபேசியைச் செருகி டயல் ஒலி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒலி கேட்டும் மோடம் அதை அடையாளம் காணாவிட்டால், அந்நாட்டு அல்லது அந்த அலுவலக இணைப்பகத்தின் டயல் ஒலி மோடம் எதிர்பார்ப்பதிலிருந்து வேறுபட்டிருக்கலாம். மோடத்தின் அமைப்புகளில் உள்ள கூடுதல் கட்டளைப் பெட்டியில் ஏ.டி.எக்ஸ்.3 (ATX3) என்ற கட்டளையை இட்டால் டயல் ஒலிக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றும். அலுவலகத்தின் டிஜிட்டல் தொலைபேசித் தடத்தில் மட்டும் சாதாரண மோடத்தைச் செருகக் கூடாது, சுற்று கருகிவிடக்கூடும்.

"நோ கேரியர்" என்பது வேறு. மறுமுனையின் ஊர்தி அலை கிடைக்கவில்லை, அல்லது கிடைத்து அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். கம்பியில் இரைச்சல், அதே தடத்தில் வேறொருவர் தொலைபேசியை எடுத்தல், அழைப்புக் காத்திருப்பு ஒலி ஆகியவை வழக்கமான காரணங்கள். காத்திருப்பு வசதியை நிறுத்தி, இணைப்பு வேகத்துக்கான மேல்வரம்பையும் குறைத்தால், மோசமான கம்பியிலும் இணைப்பு நிலைக்க வாய்ப்பு உண்டு.