சொட்டு விழும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு

எங்கள் அடுக்குமாடியில் கார் நிறுத்துமிடத்துக்குப் புது டைல்ஸ் போட்ட மறு வாரமே, என் கார் நிற்கும் இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம். அசோசியேஷன் வாட்ஸப் குழுவில் படமும் வந்துவிட்டது. பெயர் போடவில்லை, நம்பர் பிளேட் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. கார் 2005 மாடல். நங்கநல்லூரில் வாரத்துக்கு இரண்டு தடவை மார்க்கெட், ஒரு தடவை கோயில், அதற்கு மேல் அதற்கு வேலை கிடையாது.

மெக்கானிக் அடியில் டார்ச் அடித்துப் பார்த்து ஒரே நிமிடத்தில் முடிவு சொன்னார். "சார், கிராங்க் ஆயில் சீல் போயிடுச்சு. கியர்பாக்ஸ் இறக்கணும். ஒன்பதாயிரம் ஆகும், ரெண்டு நாள் வண்டிய விட்ருங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் முதலில் தோன்றியது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில்தான் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது, இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்கைச் சுற்றி எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையம்தான் அந்த சீல், அது கசிந்தால் அங்கேதான் ஒழுகும். ஆனால் மேலே எங்கே கசிந்தாலும் எண்ணெய் கடைசியில் இறங்கி வந்து நிற்பதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். மொட்டைமாடியில் விரிசல் ஒரு மூலையில் இருக்கும், ஹாலில் ஃபேன் கொக்கி வழியாகத் தண்ணீர் சொட்டும், அந்தக் கதைதான் இதுவும். போதாக்குறைக்கு வண்டி ஓடும்போது அடியில் புகும் காற்று எண்ணெயைப் பின்பக்கமாக இழுத்துப் பூசிவிடும். அதனால் அடியில் நனைந்திருக்கும் இடத்தைப் பார்த்துப் பயனில்லை, நனைந்த இடங்களிலேயே உயரமானது எது என்று தேட வேண்டும்.

அதற்கு முன், கசிவது இன்ஜின் ஆயில்தானா என்று பார்த்துவிடுவது நல்லது. ராத்திரி அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து, முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டால் காலையில் பாதி விடை கிடைத்துவிடும். பழுப்பாகவோ கறுப்பாகவோ வழுவழுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, மூக்கைச் சுளிக்க வைக்கும் கந்தக நாற்றத்தோடு இருந்தால் கியர் ஆயில். சிவப்பு என்றால் பெரும்பாலும் பவர் ஸ்டியரிங். பச்சையோ இளஞ்சிவப்போ என்றால் கூலன்ட். வெறும் தண்ணீராக இருந்தால் அது ஏசி தண்ணீர், நம் ஊர் ஈரக்காற்றுக்கு எல்லா ஏசியும் ஒழுகத்தான் செய்யும், பயப்பட ஒன்றுமில்லை.

எனக்குக் கிடைத்தது கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை, இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, ஆல்டர்னேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பாலித்தீன் கவரால் மூடிவிட்டு, பழைய டூத் பிரஷும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்து இன்ஜினை மேலிருந்து கீழே தேய்த்துத் துடைத்தேன். இரண்டு மணி நேரம், ஒரு பனியன் காலி. மண்ணெண்ணெய் முழுக்க உலர்ந்த பிறகு, குழந்தைக்குப் பூசுகிற டால்கம் பவுடரைப் பஞ்சில் தொட்டு எல்லா இணைப்புகள் மேலும் தட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு மாமா பார்த்துவிட்டு, "என்னப்பா, வண்டிக்கு மேக்கப்பா?" என்றார். அப்புறம் வேளச்சேரி வரை ஒரு சுற்று போய்வந்து பானெட்டைத் திறந்தால், வெள்ளைப் பவுடரில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரே ஒரு கருத்த வரி. இன்ஜின் தலையை மூடியிருக்கும் டேப்பட் கவரின் பின் மூலையில், கியர்பாக்ஸ் பக்கத்தில் தொடங்கி, இன்ஜினோடு கியர்பாக்ஸ் சேரும் கூடான பெல் ஹவுசிங் மேல் வழிந்து, மெக்கானிக் டார்ச் அடித்த அதே இடத்தில் போய் முடிந்தது. (ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் விற்கிறார்கள், புற ஊதா டார்ச் அடித்தால் கசிவு பச்சை மஞ்சளாக மின்னும். பவுடரில் தெரியாத கசிவுக்கு அதுதான் சரி.)

சரி, டேப்பட் கவருக்கு அடியில் இருக்கும் ரப்பர் பேக்கிங் ஏன் கசிகிறது? அந்த ரப்பர் நசுங்கியபடியே இருந்து, திரும்ப விரியப் பார்க்கும் தெம்பில்தான் கவரையும் இன்ஜின் தலையையும் அடைத்து நிற்கிறது. பழைய வண்டிகளில் இது பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். ஓடும்போது எண்ணெய் 90 முதல் 110 டிகிரி வரை சூடாகும், இந்த ரப்பர் நீண்ட காலம் தாங்கும் எல்லையும் ஏறக்குறைய அதுதான். சூட்டிலும் ஆக்சிஜனிலும் வருடக்கணக்கில் கிடந்தால் ரப்பரின் நீள மூலக்கூறுகளுக்கு இடையே புதுப்புது முடிச்சுகள் விழும், மென்மைக்காகச் சேர்த்த பொருளும் வெளியேறிவிடும். கடைசியில் அது நசுங்கின வடிவத்திலேயே உறைந்துவிடும். நான் கழற்றிய பேக்கிங் கையில் எடுத்ததும் அப்பளம் மாதிரி ஒடிந்தது. நகத்தால் அழுத்தினால் தடம் விழவேயில்லை.

சுழலும் தண்டுகளைச் சுற்றி இருக்கும் ஆயில் சீலின் கதை வேறு, எனக்கு அது இன்னும் ஆச்சரியம். தண்டை இறுக்கிப் பிடித்து எண்ணெயைத் தடுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் தண்டு சுழலும்போது அதன் ரப்பர் உதடு தண்டைத் தொடுவதுகூட இல்லை என்று சொல்லலாம், சில மைக்ரான் கனமே உள்ள எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. தலைமுடியின் கனமே 50 முதல் 100 மைக்ரான் இருக்கும். அந்தப் படலம் ஏன் வெளியே வழிவதில்லை? உதட்டின் எண்ணெய்ப் பக்கச் சரிவு செங்குத்தாகவும் காற்றுப் பக்கச் சரிவு படுத்தாற்போலவும் செய்யப்பட்டிருக்கும். தண்டு சுழலும்போது உதட்டின் நுண்ணிய மேடுபள்ளங்கள் ஒரு பக்கமாக இழுபட்டு, குட்டிக் குட்டித் துடுப்புகள்போல எண்ணெயை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அதாவது சீல் என்பது ஒரு பம்ப். திருப்பிப் போட்டால் வெளியே பம்ப் செய்யும். எண்ணெய் தடவாமல் உலர்வாகப் போட்டால் படலம் உருவாகும் முன்பே உதடு தேய்ந்து கருகிவிடும். பல வருடம் ஓடின தண்டில் உதடு ஒரு மெல்லிய பள்ளத்தையே அறுத்திருக்கும், அதே பள்ளத்தில் புது சீலை உட்கார வைத்தால் மறுபடி கசியும். அதனால் அனுபவமுள்ளவர்கள் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி அடிப்பார்கள், அல்லது தண்டின் மேல் மெல்லிய எஃகு வளையம் ஒன்றைப் போடுவார்கள்.

இவ்வளவு தெரிந்தபின் புது பேக்கிங் வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பேக்கிங் கேட்டபோது, கவுன்ட்டரில் இருந்த பெரியவர், "தம்பி, பிசிவி வால்வ் பார்த்தியா? அது அடைச்சிருந்தா எத்தனை பேக்கிங் போட்டாலும் துப்பும்" என்றார்.

இந்த ஒரு வாக்கியம்தான் மொத்த விஷயமும். சிலிண்டரில் எரிபொருள் வெடிக்கும்போது, சுமை ஏறினால், அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 40, 50 மடங்கு வரை போகும். பிஸ்டன் ரிங்குகள் அதில் பெரும்பங்கைத் தடுத்தாலும் கொஞ்சம் வாயு கீழே நழுவி, எண்ணெய் இருக்கும் அறைக்குள் புகுந்துவிடும். அது வெளியேற வழி வேண்டும். ஒரு காலத்தில் குழாய் வைத்து நேரே ரோட்டில் விட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் காற்று மாசுக்காக, அந்த வாயுவை இன்ஜினே திரும்ப உறிஞ்சி எரிக்கும் முறை வந்தது, அந்தப் பாதையில் இருக்கும் சின்ன வால்வுதான் பிசிவி. அது அடைத்துக்கொண்டால் உள்ளே காற்று ஏறி, இருப்பதிலேயே பலவீனமான பேக்கிங் எதுவோ அதன் வழியாக எண்ணெயைப் பிதுக்கும். என்னைப்போல் 3 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும். எண்ணெய் முழுச்சூடு அடைவதற்குள் வண்டியை அணைத்துவிடுகிறோம், உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகாமல் எண்ணெயோடு கலந்து சகதியாகிறது, அந்தச் சகதி வால்வையும் வாயு போகும் குழாயான பிரீதர் ஹோஸையும் அடைக்கிறது.

சோதிப்பது எளிது. இன்ஜினை ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைப் போட வேண்டும். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. என்னுடையது பூரி மாதிரி எழும்பியது. வால்வைக் கழற்றி ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்க வேண்டும், கேட்கவில்லை. புது வால்வும் ஹோஸும் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. அதைப் போட்ட பிறகும் பை எழும்பினால் ரிங்குகளே தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம், அது பெரிய செலவு.

பேக்கிங் மாட்டும்போது நம் ஆட்கள் செய்யும் தப்பு இரண்டு. ஒன்று, அனபாண்டை அப்பளக் கட்டுக்கு மாவு பூசுகிற மாதிரி பூசுவது. (அனபாண்ட் சென்னைக் கம்பெனியின் பெயர், நம் ஒர்க்‌ஷாப்களில் எந்த சிலிகான் பசைக்கும் அதுவே பெயராகிவிட்டது.) அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும், வெளியிலிருந்து உள்ளே, நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர் வீதம். அதிகம் பூசினால் உள்ளே பிதுங்கிய துண்டு பிய்ந்து, அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சேம்பரில் விழுந்து, பம்பின் வடிகட்டியை அடைக்கும். ரப்பர் பேக்கிங் இருக்கும் கவரில், வளைவு மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு போதும். இரண்டாவது, கசிகிறதே என்று போல்ட்டை முறுக்குவது. இந்த போல்ட்டுகளுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான் தேவை. 14 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 7 கிலோ எடை தொங்கவிட்டால் வரும் முறுக்கு விசை அது. அதற்கு மேல் போனால் தகடு வளைந்து, போல்ட் இருக்கும் இடம் அமுங்கி, இரண்டு போல்ட்டுக்கு நடுவே இடைவெளி விழும். நடுவிலிருந்து தொடங்கி, குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு சுற்றில் இறுக்குவதுதான் முறை.

எல்லாக் கசிவையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவும் முடியாது. டேப்பட் கவரில் எண்ணெய் அழுத்தத்தில் இல்லை, தெறித்து வழிவதுதான் கசியும். ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சும் ஃபில்டரும் அப்படியில்லை, அங்கே ஓடும்போது பல பார் அழுத்தம் இருக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்). ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருப்பதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால், சில நிமிடங்களில் சேம்பர் காலியாகும், இன்ஜின் அதோடு முடிந்தது. டைமிங் பெல்ட் பக்கம் கசிந்தாலும் தள்ளிப்போடக்கூடாது, எண்ணெயில் ஊறிய பெல்ட் எப்போது அறுபடும் என்று சொல்ல முடியாது. சூடான சைலன்சர் மேல் சொட்டி, வண்டிக்குள் கருகல் வாடை வந்தால் அன்றைக்கே ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும்.

உண்மையிலேயே கிராங்க் சீல்தான் கசிகிறது, ஆனால் ராத்திரிக்கு நாலைந்து சொட்டுதான் என்றால் அவசரமில்லை. 20, 30 சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. கிளட்ச் வழுக்காத வரை, வாரம் ஒரு தடவை ஆயில் ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டு, அடுத்து கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸ் இறக்கும்போது இருநூறு ரூபாய் சீலையும் சேர்த்து மாற்றச் சொல்லிவிடலாம். அதுவரை டைல்ஸ் மேல் ஒரு அட்டை.